மாற்று மூட்டும் மாறும் வலியும்

சரீரத்துக்கு நேரும் வேதனைகளுள் மனிதன் தானே தேடிச் சென்று ஏற்றுக்கொள்வது ஒன்று உண்டென்றால், அது ரண சிகிச்சையின் வேதனைதான். இடுப்பு மூட்டுத் தேய்ந்துபோய், இரவில் புரண்டு படுக்கவும், பகலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொள்ளவும் இயலாமல், பல ஆண்டுகள் துன்புற்ற ஒருவர், அத்துன்பத்தினின்று விடுபடும்பொருட்டுத் தம் தொடையெலும்பின் தலையை அறுத்து நீக்கி, அதன் இடத்தில் உலோகத்தாலான தலையொன்றைப் பொருத்துவதற்கு இசைகிறார். சிகிச்சை முடிந்து, மயக்கம் முற்றும் தெளிந்தபின் அவர் முதன்முதலாக உணர்வது வலியைத்தான். இத்தனை செலவும் சிரமமும் வீணாய்ப் போயினவோ என்ற ஐயம் அவ்வேளையில் அவர் மனத்தில் எழுவது இயல்பே. ஆயினும் சற்று நிதானித்துக் கவனிப்பாராயின், தம்மை ஆண்டுக்கணக்காக வருத்திய பழைய வலி அங்கே இல்லையென்பதையும், வேறோர் இடத்தில் வேறொரு குணத்தோடு புதிய வலியொன்று தோன்றியிருக்கிறதென்பதையும் அவரே கண்டுகொள்வார். முன்னது நாளுக்கு நாள் பெருகிச் சென்ற வலி. பின்னது நாளுக்கு நாள் குறைந்து மறையும் வலி. இவ்விரண்டும் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு நடந்துகொள்கின்றன, இரண்டாவது வலியைத் தாண்டி மனிதன் எவ்வாறு நடைபயில்கிறான் என்பவற்றை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

தேயும் மூட்டு

தொடையெலும்பின் மேல்முனையிலுள்ள உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணக்குழியில் பொருந்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சுழற்சியாகவும் அசையும்படி அமைந்திருப்பதே இடுப்பு மூட்டு. தலையின்மேலும் குழியின் உட்புறத்திலும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது; அவற்றின் இடையே மூட்டுநீர் கசிந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டின் சகாயத்தால் அங்கே நிகழும் உராய்வு, பனிக்கட்டியோடு பனிக்கட்டி உராய்வதைக் காட்டிலும் குறைவு என்று அளந்து பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். இத்துணை நேர்த்தியான குருத்தெலும்பில் ரத்தக் குழாய்களும் இல்லை, நரம்புகளும் இல்லை. நரம்பு இல்லாமையால் அது தேயத் தொடங்கும்போது மனிதன் ஒன்றையும் உணர்வதில்லை. ரத்த ஓட்டம் இல்லாமையால், தேய்ந்ததை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு மிகமிகக் குறைவு. தேய்மானம் முற்றி, அடியிலிருக்கும் எலும்பு வெளிப்பட்டு, மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்சவ்வு அழற்சியடைந்து வீங்கிய பிறகுதான் வேதனை தொடங்குகிறது. ஏனெனில் எலும்பிலும் சவ்விலும் உறையிலும் வலி நரம்புகள் ஏராளமாக இருக்கின்றன.

அந்த வேதனை வெளிப்படும் இடமும் விசித்திரமானது. இடுப்பில் கோளாறு என்றால் இடுப்பின் பக்கத்தில் கையை வைத்துக் காட்டுவார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் இம்மூட்டின் வலி பெரும்பாலும் தொடையிடுக்கிலேயே தோன்றுகிறது. சிலருக்கு அது முழங்காலில் மட்டும் தெரிவதும் உண்டு. இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்புகளுள் ஒன்று முழங்காலுக்கும் கிளை விடுவதனால், செய்தி எங்கிருந்து புறப்பட்டதென்று மூளை தடுமாறிவிடுகிறது. முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே மாதங்களைக் கழித்தவர், கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கையில், குற்றம் செய்தது இடுப்பு என்று அறிந்து திகைப்பதற்கு இதுவே காரணம்.

முதுமையில் வரும் தேய்வைத் தவிர, முடக்குவாதமும், தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் செல்லாமல் அது உள்ளேயே மடிந்து சரிவதும், கீழே விழுவதால் நேரும் முறிவும் மூட்டைக் கெடுப்பதுண்டு. காரணம் எதுவாயினும், கெட்ட மூட்டை மருந்தால் மீட்க இயலாத நிலை ஒன்று வருகிறது. அந்த நிலையில்தான் மாற்று மூட்டைப் பற்றிய பேச்சு எழுகிறது.

லங்காஷயரில் நடந்த பரீட்சை

மூட்டை மாற்றும் ஆசை புதியதன்று. பெர்லின் நகரத்து வைத்தியரான தெமிஸ்டோக்ளிஸ் க்ளூக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே யானைத் தந்தத்தால் மூட்டுகளைச் செய்து பொருத்திப் பார்த்தார். 1923இல் பாஸ்டன் நகரத்தில் ஸ்மித்-பீட்டர்ஸன் என்பவர் தொடையெலும்பின் தலைக்குக் கண்ணாடியால் ஒரு கவசம் செய்து மாட்டினார். கண்ணாடி பாரம் தாங்காமல் உடைந்தது. 1938இல் லண்டனைச் சேர்ந்த ஃபிலிப் வைல்ஸ் தலை, குழி இரண்டையும் எஃகினால் செய்து பொருத்தினார். அடுத்த பத்தாண்டில் பாரிஸ் நகரத்து ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் தலை செய்தார்கள். இவற்றுள் ஒன்றும் நிலைத்த பயன் தரவில்லை. சில உடைந்தன, சில தளர்ந்தன, சில தேய்ந்தன.

ஜூடே சகோதரர்களின் மூட்டைப் பொருத்திக்கொண்ட ஒருவர் அசையும்போதெல்லாம் அவர் இடுப்பிலிருந்து கிரீச்சென்ற ஒலி எழுந்ததென்றும், அதைச் சகிக்கமாட்டாமல் அவருடைய மனைவி அவரோடு ஒரே அறையில் இருப்பதையே தவிர்த்துவந்தாரென்றும் ஒரு செய்தி வழங்குகிறது. கேட்போர் நகைத்துவிட்டுப் போகக்கூடிய இச்செய்தியில், ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய வைத்தியர் ஒரு பௌதிகப் பிரச்சினையைக் கண்டார். ஒலி எழுவது உராய்வு மிகுந்திருப்பதற்கு அடையாளம். உராய்வு மிகுந்தால் ஒவ்வோர் அடியிலும் செயற்கைத் தலை முறுக்கப்படும். முறுக்கப்படும் தலை எலும்பிலிருந்து தளர்ந்துபோவது திண்ணம். ஆகவே உராய்வைக் குறைப்பதே முதற்கடமை என்று அவர் முடிவுசெய்தார்.

1911இல் பிறந்த சார்ன்லி, லங்காஷயரில் விகன் நகருக்கு அருகே, முன்பு காசநோயாளிகளுக்காக நடத்தப்பட்டுவந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் தம் ஆராய்ச்சியை நடத்தினார். அவர் வகுத்த முறையில் மூன்று அம்சங்கள் இருந்தன. முதலாவது, தலை சிறிதாக இருக்க வேண்டும். இயற்கைத் தலை 45 மில்லிமீட்டரை ஒட்டிய குறுக்களவு கொண்டிருக்க, அவர் செய்த உலோகத் தலையின் குறுக்களவு ஏறத்தாழ 22 மில்லிமீட்டர்தான். இரண்டாவது, உலோகத் தலை உலோகக் குழியில் உராயாமல் வழவழப்பான பிளாஸ்டிக் குழியில் சுழல வேண்டும். மூன்றாவது, இரண்டையும் எலும்போடு அசையாமல் நிறுத்துவதற்குப் பல் வைத்தியர்கள் உபயோகித்துவந்த அக்ரிலிக் பசையைப் பிரயோகிக்க வேண்டும்.

இரண்டாவது அம்சத்தில் அவர் முதலில் சறுக்கினார். டெஃப்லான் என்று நாம் இன்று சமையற் பாத்திரங்களில் காணும் பொருளைக் குழிக்குத் தேர்ந்தெடுத்து, சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். தொடக்கத்தில் விளைவு அற்புதமாக இருந்தது. வலி மறைந்து, நோயாளிகள் நடந்தார்கள். ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில் டெஃப்லான் வேகமாகத் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் சுற்றியிருந்த சதையில் கட்டிகளை உண்டாக்கின. பொருத்தியவற்றை ஒவ்வொன்றாக அகற்ற வேண்டிய துர்ப்பாக்கியம் அவருக்கு நேர்ந்தது.

அந்த இருண்ட நாட்களில், லங்காஷயர் நெசவாலை யந்திரங்களின் பற்சக்கரங்களுக்காகப் புதியதொரு பிளாஸ்டிக்கை விற்றுவந்த ஒருவர் ரைட்டிங்டனுக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது மிகக் கனமான மூலக்கூறுகளையுடைய பாலிஎதிலீன். சார்ன்லி அதன்மேல் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, இது உதவாது என்று ஒதுக்கிவிட்டார். ஆனால் அவருடைய பரீட்சைச் சாலையில் யந்திரங்களைக் கவனித்துவந்த ஹாரி க்ரேவன் என்ற தொழில்நுட்பர், தலைவர் வெளிநாடு சென்றிருந்த சமயத்தில், அப்பொருளைத் தேய்மானக் கருவியில் பொருத்தி இரவு பகலாக ஓடவிட்டார். மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. டெஃப்லானிடம் ஒரு முறை ஏமாந்த சார்ன்லி, இம்முறை அவசரப்படாமல், இரண்டு பொருள்களின் துணுக்குகளையும் தம் தொடையிலேயே புதைத்துக்கொண்டு, தசை எதை ஏற்கிறது, எதை வெறுக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துவந்தார். 1962 நவம்பரில் அவர் பாலிஎதிலீன் குழிகளைப் பொருத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோருக்கு நடக்கும் சிகிச்சை அந்த மாதத்திலிருந்து பிறந்தது. அறுவை அறையின் காற்றை வடிகட்டிச் சுத்தம்செய்யும் ஏற்பாட்டையும் அவரே வகுத்தார். நூற்றுக்கு 7 என்ற அளவில் இருந்த சீழ்ப்பிடிப்பு, அதனாலும் பிற கவனங்களாலும் நூற்றுக்கு 1க்கும் கீழே இறங்கியது. 2007இல் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையொன்று, இடுப்பு மூட்டு மாற்றத்தை நூற்றாண்டின் சிகிச்சை என்றே தலைப்பிட்டுப் போற்றியது.

புதிய வலியின் பிறப்பு

சிகிச்சையின்போது வைத்தியர் தோலைப் பிளந்து, தசைகளை விலக்கியோ அறுத்தோ, மூட்டுறையைத் திறந்து, தலையை வெட்டி நீக்கி, குழியைச் செதுக்கி, தொடையெலும்பின் உட்குடைவில் உலோகத் தண்டைச் செருகுகிறார். பழைய வேதனைக்கு மூலமாயிருந்த எலும்பு முகங்களும் அழற்சியுற்ற சவ்வும் இத்துடன் அகற்றப்படுகின்றன. ஆகவே தேய்ந்த மூட்டின் வலி அன்றே முடிந்துவிடுகிறது. தொடையிடுக்கிலிருந்த ஆழமான குடைச்சல் கண் விழித்த மறுகணமே காணாமற் போயிற்றென்று பல நோயாளிகள் சொல்வது மிகையன்று. ஆனால் அதே சிகிச்சை தோலிலும் தசையிலும் எலும்பிலும் ஒரு பெருங்காயத்தை உண்டாக்கிவிடுகிறது.

காயத்தின் செய்தி இரண்டு வகை நரம்பிழைகளின் வழியாக முதுகுத் தண்டை அடைகிறது. மெல்லிய உறை போர்த்தியவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரையில் விரைந்து செல்லும். உறையற்ற மிக மெல்லிய இழைகள் விநாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லும். முதல் வகை, 'சுரீர்' என்ற கூரிய வலியைத் தருகிறது. இரண்டாம் வகை, எரிச்சலும் குடைச்சலுமாக நெடுநேரம் நீடிக்கும் வலியைத் தருகிறது. அறுவைக்குப் பின் படுக்கையில் கிடப்பவரை அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

காயம்பட்ட திசுக்கள் ப்ராஸ்டகிளாண்டின் முதலான ரசாயனங்களைச் சுரக்கின்றன. இவை நரம்பு முனைகளின் உணர்ச்சியைக் கூர்மையாக்குவதால், சாதாரணமாக வலிக்காத தொடுதலும் அசைவும் வலிக்கின்றன. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இச்சுரப்பைத் தடுப்பதன் மூலமே வலியைக் குறைக்கின்றன என்பதை ஜான் வேன் என்ற விஞ்ஞானி 1971இல் நிரூபித்தார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கூர்மையடைவது நரம்பு முனைகள் மட்டுமல்ல. இடைவிடாமல் செய்தி வந்து குவிந்தால் முதுகுத் தண்டிலுள்ள நரம்பணுக்களும் மிகையாகச் செயற்படத் தொடங்கி, சிறிய தூண்டுதலையும் பெரிய வேதனையாக மூளைக்கு அறிவிக்கின்றன. கிளிஃபர்ட் வுல்ஃப் 1983இல் விளக்கிய இந்த உண்மையிலிருந்து நடைமுறைக்குப் பயன்படும் பாடம் ஒன்று கிடைக்கிறது: வலி முற்றும் வரையில் பொறுத்திருந்து, தாங்க முடியாதபோது மருந்து கேட்பது வீரமுமாகாது, சிக்கனமுமாகாது. குறித்த வேளையில் குறித்த மருந்தை உட்கொள்பவருக்கு மொத்தத்தில் குறைந்த மருந்தே போதுமானதாகிறது.

வலியும் மனமும்

காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றே என்று நினைப்பது பெரும் பிழை. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலிய நாட்டு ஆன்ஸியோ கடற்கரையில் பணியாற்றிய ஹென்ரி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர், படுகாயமுற்றுக் கொண்டுவரப்பட்ட போர்வீரர்களை விசாரித்தபோது, அவர்களுள் பெரும்பாலோர் வலிக்கு மருந்து வேண்டாமென்று மறுத்ததைக் கண்டு வியந்தார். அதற்கு ஒப்பான, அல்லது அதைவிடச் சிறிய காயங்களைச் சிகிச்சையின் காரணமாகப் பெற்ற ஊர் மக்களோ, பெரும்பாலும் மருந்தை வேண்டிக் கேட்டார்கள். போர்வீரனுக்குக் காயம் என்பது போர்க்களத்தினின்று உயிரோடு விடுதலை பெற்றதன் சாட்சி. மற்றவருக்கோ அது வாழ்வில் புகுந்த ஓர் ஆபத்து. காயத்துக்கு மனம் கற்பிக்கும் பொருளே வேதனையின் அளவைப் பெரிதும் நிர்ணயிக்கிறது என்று பீச்சர் கருதினார்.

இதற்கான சரீர அமைப்பு எது என்பதை ரொனால்ட் மெல்ஸாக், பாட்ரிக் வால் ஆகிய இருவரும் 1965இல் ஒரு கொள்கையாக வெளியிட்டார்கள். முதுகுத் தண்டில் வலியின் செய்தி நுழையும் இடத்தில் வாயில் ஒன்று இருப்பதாகவும், தொடுதல், அழுத்தம் முதலிய மற்ற உணர்ச்சிகள் அவ்வாயிலைச் சற்று மூடுவதாகவும், மூளையும் மேலிருந்து அதைத் திறக்கவோ அடைக்கவோ வல்லதென்றும் அவர்கள் கூறினார்கள். அவர்கள் வரைந்த படத்தின் சில பகுதிகள் பின்னர்த் திருத்தப்பட்டாலும், மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் கட்டளைகள் வலியைக் கூட்டவும் குறைக்கவும் கூடுமென்ற மையக் கருத்து நிலைத்துவிட்டது. 1975இல் ஸ்காட்லாந்திலுள்ள அபர்தீன் நகரத்தில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் இருவர், மார்ஃபினைப் போன்றே தொழில்புரியும் பொருள்களை மூளை தானாகவே உற்பத்திசெய்துகொள்கிறது என்று கண்டுபிடித்தார்கள்.

ஆகவே, சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் என்ன நடக்கப்போகிறது, எந்த இடத்தில் எத்தனை நாள் வலிக்கும், எப்போது எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று விளக்கிச் சொல்வதை உபசாரப் பேச்சென்று ஒதுக்கலாகாது. அச்சமும் உறக்கமின்மையும் வலியைப் பெருக்கும். எதிர்பார்த்த வலி எதிர்பாராத வலியைக் காட்டிலும் தாங்கத் தக்கதாகிறது. பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

எழுந்து நடத்தல்

சார்ன்லியின் காலத்தில் இச்சிகிச்சை பெற்றவர்கள் வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைக்கப்பட்டார்கள். ஓய்வு நன்மை தரும் என்பது அக்காலத்து வைத்தியர்களின் நம்பிக்கை. ஆனால் நெடுநாள் அசையாமல் கிடப்பவரின் கால் நரம்புகளில், அதாவது சிரைகளில், ரத்தம் தேங்கி உறையக்கூடும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. தசைகளும் நாளுக்கு நாள் மெலிகின்றன. நெஞ்சில் சளி கட்டுகிறது. 1990களில் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஹென்ரிக் கெலெட் என்ற ரண வைத்தியர், நோயாளி இன்னும் மருத்துவமனையில் இருப்பதற்குக் காரணம் என்ன என்ற கேள்வியை எழுப்பி, வலி, வாந்தி, தலைச்சுற்றல், குழாய்கள், பழக்கம் என்று ஒவ்வொரு காரணமாகக் களைந்துகொண்டே போனார். பல மருந்துகளைச் சிறுசிறு அளவில் சேர்த்துக் கொடுத்து, மார்ஃபின் வகை மருந்துகளைக் குறைத்து, நோயாளியை விரைவில் உண்ணவும் எழவும் செய்வதே அவருடைய முறை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வதும், மூட்டைச் சுற்றியே மரப்பு மருந்தைச் செலுத்துவதும், பாராசிட்டமாலை வேளை தவறாமல் கொடுப்பதும் இம்முறையோடு இணைந்தவை. அதன் பயனாக இன்று பெரும்பாலோர் அறுவை நடந்த அன்றோ, மறுநாளோ வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

முதல் முறை காலை ஊன்றும்போது பொருத்திய மூட்டு பெயர்ந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. பசையால் நிறுத்தப்பட்ட மூட்டு, அறுவை மேசையிலேயே பசை இறுகிவிடுவதால், அன்றே எடையைத் தாங்க வல்லது. பசையின்றி இறுக்கிச் செருகப்படும் மூட்டிலும் பெரும்பாலும் உடனே ஊன்ற அனுமதிக்கிறார்கள். அதன் சொரசொரப்பான மேற்பரப்புக்குள் எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்வதற்கு 6 முதல் 12 வாரம் வரையில் செல்லும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது என்ற கேள்வியில் அழகானதொரு பௌதிகம் அடங்கியிருக்கிறது. நோயுற்ற காலின் பக்கத்திலேயே தடியை ஊன்றுவதுதான் இயல்பான தூண்டுதல். ஆனால் சரியானது எதிர்க்கை. ஒற்றைக் காலில் நிற்கையில் இடுப்பு மூட்டு ஒரு துலாக்கோலின் நடுமுள்ளாக நிற்கிறது: உட்புறத்து நீண்ட கையில் உடலின் பாரம் தொங்குகிறது, வெளிப்புறத்துக் குறுகிய கையில் இடுப்புத் தசைகள் இழுத்துச் சமன்செய்கின்றன. குறுகிய கையில் இழுப்பதால் தசைகள் உடலெடையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விசையைச் செலுத்த நேர்கிறது. ஆகவே மூட்டின்மேல் விழும் மொத்தப் பாரம் உடலெடையைப்போல் மும்மடங்காகிறது. எதிர்க்கையில் பிடித்த தடி, நடுமுள்ளிலிருந்து மிகத் தொலைவில் தாங்குவதால், கை கொடுக்கும் சிறு உதவியும் மூட்டின் பெரும் பாரத்தைக் குறைத்துவிடுகிறது. சார்ன்லி செயற்கைக் குழியைச் சற்று உட்புறமாகத் தள்ளிப் பொருத்தியதும், பாரம் தொங்கும் அந்த நீண்ட கையைக் குறுக்குவதற்காகவே. வால்டர் ப்ளௌண்ட் என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர் 1956இல், கைத்தடியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் என்ற பொருள்பட ஒரு கட்டுரையே எழுதினார். தடி பிடிப்பதை அவமானமாகக் கருதி விரைவில் விட்டுவிட்டு விந்தி விந்தி நடப்பவர்கள், அந்த விந்தல் நடையையே தங்களுக்குப் பழக்கமாக்கிக்கொள்கிறார்கள்.

நாட்களின் கணக்கு

முதல் வாரத்தில் தொடை வீங்குவதும், கன்றிய நிறம் முழங்காலுக்கும் அதற்குக் கீழேயும் இறங்குவதும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே கசிந்த ரத்தம் தரை நோக்கி இறங்குகிறது, அவ்வளவே. பத்துப் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கப்படுகிறது. இரண்டு மூன்று வாரங்களுக்குள் காயத்தின் கூரிய வலி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் ஒரே பக்கமாகப் படுக்க இயலாமையால் உறக்கம் கெடுவது அதற்குப் பின்னும் சில வாரம் நீடிக்கலாம். தழும்பையொட்டித் தோல் மரத்திருப்பது, அறுபட்ட சிறு நரம்புகளின் விளைவு. அது மாதக்கணக்கில் குறைந்துவரும், சிலருக்குச் சிறிது நிலைத்தும்விடும். அறுவை செய்த கால் நீண்டுவிட்டதுபோல் தோன்றுவதும் உண்டு. பல ஆண்டுகளாகச் சுருங்கிக்கிடந்த தசைகள் தளர்ந்து இடுப்பு நேராகும்போது அவ்வுணர்ச்சி பெரும்பாலும் மறைகிறது.

ஆறாவது வாரத்தை ஒட்டிப் பலர் தடியின்றியே வீட்டுக்குள் நடமாடுகிறார்கள். மூன்று மாதத்தில் அன்றாட வேலைகள் பெரும்பாலும் கைகூடுகின்றன. ஆயினும் இடுப்பின் பக்கத்துத் தசைகள் பழைய வலிமையைப் பெறுவதற்கு ஓராண்டுகூடச் செல்லலாம். சிகிச்சைக்கு முன்பே பல ஆண்டுகள் நொண்டி நடந்தவருக்கு அத்தசைகள் அதற்குள் மெலிந்துபோயிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகள் அலுப்பூட்டுபவை என்பது மெய்தான். ஆனால் உலோகத்தைப் பொருத்துவது வைத்தியரால் ஆகும், தசையை வளர்ப்பது நோயாளி ஒருவராலேயே ஆகும்.

அறுவையைப் பின்புறமாகத் திறந்து செய்திருந்தால், மூட்டு நழுவாமல் காக்க முதல் சில வாரங்களுக்குச் சில விதிகள் சொல்லப்படுவது வழக்கம்: இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்கலாகாது, கால்மேல் கால் போடலாகாது, பாதத்தை உட்பக்கம் திருப்பலாகாது, படுக்கையில் கால்களுக்கிடையே தலையணை இருக்க வேண்டும். மாடிப்படி ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது அறுவை செய்த காலும் முதலில் செல்ல வேண்டும். மேனாட்டார் நாற்காலியிலேயே வாழ்பவர்கள். ஆதலால் இவ்விதிகள் அவர்களுக்குப் பெரிய இடைஞ்சலல்ல. தரையில் சப்பணமிட்டு உண்டு, பாயில் படுத்து, குந்தி உட்கார்ந்து காலைக்கடன் கழித்துப் பழகிய நம்மவர்க்கோ, இவை வீட்டின் அமைப்பையே மாற்றச் சொல்லும் கட்டளைகள். ஆகவே உயரமான கமோடு, கைப்பிடி, கட்டில், கெட்டியான நாற்காலி ஆகியவற்றை நோயாளி வீடு திரும்புவதற்கு முன்பே ஆயத்தம் செய்துவிடுவது அறிவுடைமை. பின்னர்த் தரையில் உட்காரலாமா என்பதை, பொருத்தப்பட்ட மூட்டின் வகையையும் அறுவையின் முறையையும் அறிந்த வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அண்டை வீட்டார் உட்காருகிறார் என்பது ஆதாரமாகாது.

எந்த வலிக்கு அஞ்ச வேண்டும்

நடைபயிற்சி செய்த அன்று மாலையில் சற்று மிகுந்து, இரவு ஓய்வில் குறையும் வலி, தசைகள் உழைத்ததன் அறிகுறி. அதற்காகப் பயிற்சியை நிறுத்திவிடாமல், அளவைச் சிறிது குறைத்துத் தொடரலாம். இதற்கு மாறாக, அடங்கிவந்த வலி திடீரென்று திரும்பி வந்து கூடினாலும், காயம் சிவந்து நீரோ சீழோ கசிந்தாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே வைத்தியரைக் காண வேண்டும். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலிப்பது ரத்தம் உறைந்ததன் அடையாளமாக இருக்கலாம்; மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் ஒரு கணமும் தாமதிக்கலாகாது. ஓர் அசைவில் சடக்கென்று தாங்கொணா வலி எழுந்து, கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டு, ஊன்றவே முடியாமற்போனால், மூட்டு நழுவிவிட்டதென்று கொள்ள வேண்டும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் எல்லாருக்கும் வலி முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இடுப்பு மூட்டு மாற்றியவர்களுள் நூற்றுக்கு 7 முதல் 23 பேர் வரையில் மாதங்கள் பல சென்ற பிறகும் குறிப்பிடத்தக்க வலியைச் சொல்கிறார்களென்று 2012இல் அறிவித்தார்கள். அவர்களுள் சிலருக்கு மூட்டுத் தளர்வோ மறைந்திருக்கும் கிருமியோ காரணமாகலாம். சிலருக்கு முதுகெலும்பின் வலியே இடுப்பு வலியாகத் தோன்றலாம். சிலருக்குக் காயம் ஆறியும் நரம்பு மண்டலத்தின் கூர்மை தணியாதிருக்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைக் காட்டி அவர்களை அனுப்பிவிடுவது வைத்திய தர்மமாகாது. அவர்கள் வேதனை மெய்யானது, அதற்கும் சிகிச்சை தேட வேண்டும்.

மூட்டு எத்தனை காலம் உழைக்கும் என்பதும் நோயாளியின் இயல்பான கேள்வி. 2019இல் வெளியான பெரிய தொகுப்பாராய்ச்சியொன்றின்படி, பொருத்தப்பட்ட நூறு மூட்டுகளுள் ஏறத்தாழ 58 மூட்டுகள் 25 ஆண்டுகளுக்குப் பிறகும் மாற்றப்படாமல் உழைக்கின்றன. க்ரேவன் பரீட்சித்த பாலிஎதிலீனை இன்னும் உறுதிப்படுத்தி இப்போது உபயோகிப்பதால், இனிப் பொருத்தப்படுபவை இதைவிட நீண்டு உழைக்குமென்று எதிர்பார்க்க இடமுண்டு.

இச்சிகிச்சை பெற்றவருக்கும் அவரைப் பேணும் வீட்டாருக்கும் சொல்ல வேண்டியது இதுதான்: ஒரு நாளின் வலியை அதற்கு முந்தைய நாளின் வலியோடு ஒப்பிட்டு மனம் கலங்காதீர்கள், ஒரு வாரத்தைச் சென்ற வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வலி குறைந்து நடை கூடியிருந்தால், எஞ்சிய வலி எவ்வளவாயினும் அஞ்சாமல் நடங்கள். நடை குறைந்து வலி கூடியிருந்தால், பொறுத்துக்கொண்டிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அன்றே வைத்தியரிடம் செல்லுங்கள்.